நம் பக்கம் நிற்பது

ஒருவன் தன்னைச் சேர்ந்தவர்கள் வெல்ல வேண்டும் என்று விரும்புவது இயற்கை. அவ்விருப்பத்தை எவரும் குற்றம் எனக் கூறார். ஆனால், தன்னைச் சேர்ந்தவர்கள் வென்றால் போதும், எவ்வாறு வென்றாலும் சரி என்று அவன் எண்ணத் தொடங்கும் கணம் ஒன்று உண்டு. முதல் விருப்பத்துக்கும் இரண்டாம் எண்ணத்துக்கும் இடையே உள்ள எல்லை யாது? அறநூலார் இவ்வினாவைப் பெரும்பாலும் போரையும் அரசியலையும் வைத்தே ஆராய்வர். அங்கே உயிரும் உடைமையும் கலந்துவிடுவதால் வினா கலங்கிப் போகிறது. நான் அதனைக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் வரிசைக்குக் கொண்டு செல்ல விரும்புகிறேன். அங்கே எவர் வென்றாலும் நம் வீட்டு உலையில் ஒரு பிடி அரிசி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அத்தகைய இடத்திலும் ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான், அழுகிறான், அடுத்தவன் சட்டையைப் பற்றுகிறான் என்றால், பக்கச்சார்பு என்பது வேறு எந்தப் பயனையும் போர்த்திக்கொள்ளாமல் தன் சொந்த உருவில் அங்கேதான் காணக் கிடைக்கும்.

‘பார்வையாளர்’ என்னும் இச்சொல்லுக்கு ஒரு வியப்பான வரலாறு உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித், பொருளாதாரத்துக்கு முன்பு அறவியலைப் பற்றித்தான் நூல் எழுதினார். 1759இல் வெளிவந்த அந்நூலில், மனச்சாட்சியை விளக்க அவர் தேர்ந்த உருவம் ‘நடுநிலைப் பார்வையாளர்’ என்பதாகும். நம் செயலை, அதில் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவர் வெளியே நின்று பார்த்தால் எவ்வாறு மதிப்பிடுவார் என்று நாமே கற்பனை செய்து பார்ப்பதுதான் மனச்சாட்சி என்றார் அவர். நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் பிறந்த நமக்கு இது அயலான கருத்து அன்று. ஆனால், மைதானத்துப் பார்வையாளர் எப்படிப்பட்டவர்? அவர் வெளியே நிற்கிறார், ஆயினும் நடுவே நிற்பதில்லை. பந்தைத் தொடுவதில்லை, ஆயினும் ‘நாம் வென்றோம்’ என்கிறார். ஆடுபவனுக்காவது அடுத்த உதையைப் பற்றிய கவலை இருக்கிறது. பார்ப்பவனுக்கோ பக்கம் ஒன்றைத் தவிர வேறு வேலை இல்லை.

இப்பக்கத்தை வளர்ப்பதற்கென்றே கட்டப்பட்ட மாபெரும் கூடங்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் உள்ளன. அவர்கள் கால்பந்து என்று சொல்வது நம்முடையது அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் ஆட்டம் அது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானம் 1927இல் திறக்கப்பட்டது. நிலத்தைக் குடைந்து அமைத்த கிண்ணம் போன்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதன் பேரளவு எளிதில் புலப்படாது. உள்ளே நுழைந்த பின்னரே காலடியில் படிவரிசைகள் இறங்கிச் செல்வது தெரியும். அதன் கொள்ளளவு 1,07,601 பேர். மரக்காணத்து மக்கள் அனைவரும் குழந்தை குட்டிகளோடு சென்று அமர்ந்தாலும் ஒரு மூலைதான் நிரம்பும். 1975 நவம்பர் முதல், கொள்ளைநோய் பரவிய 2020 நீங்கலாக, அங்கு நடந்த ஒவ்வோர் ஆட்டத்தையும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டிருக்கின்றனர். ஒரே நிற ஆடை, ஒரே வாத்திய முழக்கம், ஒரே நொடியில் எழும் இலட்சம் உடல்கள். பிரெஞ்சுச் சமூகவியலார் துர்க்கைம் 1912இல் எழுதிய நூலில், கூட்டத்தில் மனிதர் தம்மினும் பெரிய ஒன்றால் ஆட்கொள்ளப்படுவதைக் ‘கூட்டுப் பொங்கல்’ என்னும் பொருள்பட விளக்கினார். சந்தேகிக்கவும் வினவவும் கற்பிக்க வேண்டிய பல்கலைக்கழகம், தன் மதிலுக்குள்ளேயே வினவாமல் எழுந்து நிற்கவும் கற்பிக்கிறது என்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. நம்மிடையேயும் இது இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்பதே பெயர். ஆட்டத்துக்குப் போர் என்று பெயரிட்ட மண், மெய்யான போரையும் பின்னர் கண்டது. பழைய மாணவர்கள் கடல் கடந்தும் அந்த ஆட்டத்துக்கு வந்து சேர்கின்றனர்.

இதையெல்லாம் வெறும் பித்து என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2க்கு 1 என வென்று கேடயம் பெற்றனர். கூட்டத்தில் பின்வரிசையினருக்குக் கணக்கைத் தெரிவிக்கக் காற்றாடி பறக்கவிட்டனராம். அடிமைப்பட்ட மக்கள் ஆள்வோரை நேருக்கு நேர் சமமாகச் சந்திக்க அன்று வேறு களம் ஏது? 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. தொடர்ந்து 1938 வரை ஐந்தாண்டுகள் அதனைத் தக்கவைத்தது. அந்நாளில் நாடெங்குமுள்ள முஸ்லிம்கள் அடைந்த பெருமிதத்தை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பெருமிதத்தில் தவறில்லை. ஆனால், அக்கதையின் மறுபாதியையும் நாமே சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில்தான் கல்கத்தாவின் பார்வையாளர் வரிசைகள் மதத்தின் பேரால் பிளவுபட்டன. ஆள்வோருக்கு எதிராக எழுந்த கைதட்டல், அண்டை வீட்டானுக்கு எதிராகவும் எழுந்தது. தட்டிய கைகள் அவையே.

1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இரு அணிகளின் ஆதரவாளரும் ஒரே மாடத்தில் கலந்து அமர்ந்திருந்தனர். களத்தில் எழுந்த பூசல் மாடத்துக்குப் பரவியது. கல் பறந்தது, நெரிசல் மூண்டது, 16 இரசிகர்கள் மாண்டனர். வங்காளத்தில் அந்நாளை இன்றும் கால்பந்து அன்பர் நாளாக நினைவுகூர்ந்து குருதிக்கொடை வழங்குகின்றனர். கொல்ல வேண்டும் என்னும் நிய்யத்தோடு அன்று வீட்டிலிருந்து புறப்பட்டவர் எவரும் இருந்திருக்க முடியாது. அப்படியானால் அப்பதினாறு உயிர்களுக்குப் பொறுப்பு யார்? ‘கூட்டம்’ என்பது எளிய விடை. கூட்டத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதே அவ்விடையின் வசதி.

அவ்வசதியை ஆள்வோர் எவ்வாறு பயன்படுத்துவர் என்பதற்கு இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ சான்று. அதைச் சொல்வதற்கு மரக்காணத்து உப்பளமே எனக்கு உதவுகிறது. இங்கு உவர்நீர் ஒரே பாய்ச்சலில் உப்பாவதில்லை. முதல் பாத்தியில் வெயிலில் சுண்டி, அடுத்த பாத்திக்கு இறங்கி, அங்கும் முதிர்ந்த பின்னரே கடைசிப் பாத்தியில் பூத்து, வாருவதற்கு வரும். மடையைத் திறப்பவர் திறக்கும்முன் நிமிர்ந்து அடுத்த பாத்தியைப் பார்ப்பார். நிறைந்த பாத்திக்குள் நீரை விட்டால் பல நாள் வெயிலின் பயன் ஒரு நாழிகையில் கரைந்துவிடும். ஆண்டின் முற்பகுதியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை அவர்களுக்கு இதே கவனம். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோவில், வாயிலில் திரண்ட நெரிசலைத் தணிக்கக் காவல் அதிகாரி ஒரு பெருங்கதவைத் திறக்கச் சொன்னார். கம்பி அடைப்புகளில் நடுவில் இருந்தவை ஏற்கெனவே நிறைந்திருந்ததைப் பார்த்து, அவ்வழியை அடைக்கச் சொல்ல எவரும் இல்லை. இறந்தோர் தொகை இறுதியில் 97 ஆயிற்று. ஆனால் பழி குடித்துவிட்டு வந்த இரசிகர்கள்மீது போடப்பட்டது. 27 ஆண்டுகள் கழித்து, 2016இல்தான், இரசிகர்கள்மீது குற்றமில்லை என்று விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஆகவே திரளைப் பற்றி எழுதுகிறவன் சற்றுத் தயங்கியே எழுத வேண்டும். திரண்டவர்கள் எல்லாம் வெறியர்கள் அல்லர். மடை திறந்தவனின் குற்றம் நீரின்மேல் போய்விடக் கூடாது.

ஆயினும் நீருக்கும் மனிதனுக்கும் வேறுபாடு உண்டு. நீருக்கு நாவு இல்லை. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் கூடிய பெருந்திரள் நிகழ்ச்சி ஒன்றுக்கு இக்கடற்கரைச் சாலை வழியே வாகனங்கள் சென்றபோது மரக்காணத்தில் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. தொடக்கம் யாரால் என்பதை இரு சாராரும் இருவிதமாகக் கூறுவர், அதனுள் நான் புகவில்லை. நான் சொல்ல வருவது, ஒரு சாரார் சொல்வதை மற்றவர் ஒருவர்கூட ‘அதிலும் உண்மை இருக்கலாம்’ என்று கேட்க முடியாத நிலையைத்தான். பக்கம் என்பது முதலில் கவர்வது கையை அன்று, காதை.

கையைக் கட்டிவிட்டுக் காதை மட்டும் கவர்ந்த ஒரு நிகழ்ச்சியை, நான் தொடங்கிய கல்லூரி மைதானங்களின் நாட்டிலேயே காணலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ 1966 முதல் அப்பொறுப்பில் இருந்தவர். மைதானத்தருகே அவருக்குச் சிலையே இருந்தது. 2011 நவம்பரில், அவருடைய முன்னாள் துணைப் பயிற்சியாளர் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். 2001இலேயே ஒரு நிகழ்ச்சி பட்டர்னோவின் செவிக்கு எட்டியிருந்தது. அவர் மேலிடத்தாருக்குச் சொன்னாரே தவிரக் காவல்துறைக்குச் செல்லவில்லை. நவம்பர் 9 இரவு பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினர். சிறுவர்களுக்காக அன்று, பயிற்சியாளருக்காக. தொலைக்காட்சி வண்டியொன்று கவிழ்க்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து அதே வளாகத்தில், அதே மாணவர்களில் பலரும் இருந்திருக்கக்கூடிய திரள் ஒன்று, பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக மெழுகுவத்தி ஏந்தி நின்றது. 2012 ஜூனில் அத்துணைப் பயிற்சியாளர் 45 குற்றங்களில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். ஜூலையில் சிலை அகற்றப்பட்டது. அம்மாணவர்கள் தீயவர்களா? நான் அவ்வாறு கருதவில்லை. முதல் இரவில் அவர்கள் கேட்ட செய்தி ‘நம்மவருக்குத் தீங்கு’ என்பதாக மட்டும் காதில் விழுந்தது. அந்தச் சிறுவர்களும் ‘நம்மவர்’ என்பது விளங்க இரண்டு நாளாயிற்று.

அல்லாமா இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், குலங்களையும் அரசுகளையும் எழுப்பும் ஆற்றல் ‘அஸபிய்யத்’ என்றார். ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடாத இனப்பற்று அது. அவர் அதனை ஓர் ஆற்றலாகவே நோக்கினார். நம் பெரியோரோ அச்சொல்லுக்கு வழிவழியாக வேறோர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லி வந்துள்ளனர். தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகாது, அநீதியில் அவர்களுக்குத் துணை நிற்பதே ஆகும் என்பர். இவ்விளக்கம் நேசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. எல்லாரையும் ஒரே அளவில் நேசிப்பவன் எவரையும் நேசியாதவனே என்று வாதிடுவோருக்கு இது போதிய மறுமொழி என்று நினைக்கிறேன். மகனை நேசிக்கும் தாய், அவன் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும்போது, அவளுடைய நேசத்தில் எவ்வளவு குறைந்தது?

இன்னொரு மறுப்பும் உண்டு. ‘மைதானத்தில் கத்துவதால் யாருக்கு என்ன நட்டம்? ஆட்டம் முடிந்தால் எல்லாம் முடிந்தது’ என்பர். 2020 மே மாதம் ஜெர்மானிய லீக் ஆட்டங்கள் ஆளில்லாத மைதானங்களில் மீண்டும் தொடங்கியபோது, பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. அப்போது ஐரோப்பிய ஆட்டங்களை ஆராய்ந்தோர் ஒன்றைக் கண்டனர். உள்ளூர் அணிக்கு வழக்கமாகக் கிடைக்கும் சாதகம் குறைந்திருந்தது, வெளியூர் அணியினருக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்திருந்தன. ஆட்டக்காரர் அவர்களே, நடுவரும் அவர்களே. இல்லாமற்போனது கூச்சல் ஒன்றுதான். அப்படியானால் அத்தனை ஆண்டுகளாக அக்கூச்சல் நடுவரின் கையை மெல்ல வளைத்திருக்கிறது. எந்த ஒருவனின் குரலும் அதைச் செய்யவில்லை, எல்லாக் குரலும் சேர்ந்து செய்தன. ஒருவன் தன் பங்கு இலட்சத்தில் ஒன்று என்று சொல்லித் தப்பலாம். பங்கே இல்லை என்று சொல்ல வழியில்லை.

தென்கோடியில் இன்னோர் உப்பளக் கரை உண்டு. ஆறுமுகநேரி அளங்களுக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரால் அகில இந்தியக் கால்பந்துப் போட்டி நடத்தி வருகின்றனர். சொந்த ஊர் அணி ஆடாத நாளிலும் நல்ல ஆட்டத்தைப் பார்க்கவென்றே கூடும் பழக்கம் உடைய ஊர்கள் பாக்கியம் பெற்றவை. பக்கம் இல்லாத நாளில் அவர்களின் கண் பந்தின் மேலேயே இருக்கிறது. அந்தக் கண்ணைப் பக்கம் உள்ள நாளிலும் ஒருவன் உடன் கொண்டுவர முடியுமா என்பதே என் வினாவின் கடைசிப் பகுதி.

முடியும் என்பதற்கு நான் காட்டக்கூடிய இடம் பெரிய மைதானம் அன்று. கோடைக் காலத்தில் எங்கள் கரையில் அளங்களை ஒட்டிய காய்ந்த திடல்களில் பையன்கள் ஆடுவார்கள். இரண்டு கழிகளே கோல் கம்பம். மேலே குறுக்குக் கம்பும் இல்லை, பின்னே வலையும் இல்லை, நடுவரும் இல்லை. பந்து கழிக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டை நாளுக்கு நாலு முறை எழும். அப்போது இரு அணியினரும் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் யாரேனும் ஒருவரிடம் ஓடி வருவர். பெரும்பாலும் அவருடைய தம்பியோ மகனோ ஏதாவது ஓர் அணியில் இருப்பான். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே கேட்கின்றனர்: ‘அண்ணே, நீங்க பார்த்தீங்கள்ல, உள்ளேயா வெளியேயா?’