ஒரு சிட்டிகை

அப்பா கையை இழுத்துக்கொண்டதுதான் கண்ணிலேயே நிற்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மீன் தீனி. "நீங்க போடுற தீனிதாம்ப்பா பாசியா வளருது" என்றேன். விஷயம் சரி, குரல் சரியில்லை. அவர் ஒன்றும் பேசாமல் அந்தச் சிட்டிகையைத் திரும்ப டப்பாவுக்குள் உதறி, மூடியை இறுக்கினார். இரண்டு மாதமாகிறது. தொட்டிப் பக்கமே வருவதில்லை.

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது மூன்றடி உப்புநீர்த் தொட்டி. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் பாறை. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கலந்து நானே செய்துகொண்ட கடல். ஆறு மாதம் பளிங்குபோல இருந்தது. பிறகு பாறையெல்லாம் பச்சை முடி முளைத்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், விளக்கெரியும் நேரத்தைக் குறைத்தேன். ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. மீன் கடைத் தம்பிதான் கேட்டான்: "பாசிக்கு மருந்து கேக்குறீங்களே அண்ணே, தீனி யாரு போடுறா?" மீன் தின்னாமல் விட்டது அழுகும், தின்றதும் கழிவாகி அதே தண்ணீரில்தான் சேரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்குச் சோறு.

ஒரு சிட்டிகை என்பது எவ்வளவு? என் சிட்டிகை இரண்டு அப்பாவின் ஒன்றுக்குச் சமம். தறியில் கிடந்து மொழி பருத்த விரல்கள் அவருடையவை. நான் பள்ளிக்கூடம் போன நாளில் விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி கூடினால் நூல் முறியும், குறைந்தால் தறியில் பஞ்சு பறக்கும். அளவு பார்க்கக் கருவி ஏது? ஒரு சொட்டை எடுத்து அதே இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "போதும்" என்பார். தெருவே அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும். அந்த விரல்களைப் பார்த்துத்தான் நான் அளவு தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

திருவிளையாடற் புராணத்தில் ஒரு நாரை வருகிறது. பாட்டி சொன்னதும் பிற்பாடு நான் புரட்டியதும் கலந்துதான் நினைவிருக்கிறது. வேறொரு குளத்தில் முனிவர்கள் மூழ்கி எழ, அவர்கள் மேனியில் உரசிய மீன்களைத் தின்ன மனமில்லாமல் பட்டினி கிடந்த அது, மதுரைக்கு வந்து பொற்றாமரைக் குளத்து மீன்களையும் தொடவில்லை. சொக்கநாதர் தோன்றி என்ன வேண்டும் என்று கேட்டார். தனக்கு முத்தி, இனி வரும் நாரைகள் தின்று பாவம் சேர்க்காதிருக்க, குளத்தில் மீனே இருக்கக் கூடாது. அப்படியே ஆனது. தொட்டியைச் சுத்தமாக வைக்க மறுக்க முடியாத வழி அது ஒன்றுதான் போல. அந்தக் குளத்துத் தண்ணீரும் பச்சையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

கண்மாய் ஏல அறிவிப்புகளில் 'மீன்பாசி குத்தகை' என்றுதான் எழுதுவார்கள். மீனையும் பாசியையும் பிரிக்க நம் ஆட்களுக்குத் தோன்றவில்லை. பிரிக்கப் பார்க்கிறவன் நான்தான், அதுவும் மூன்றடிக்குள்.

நிஜக் கடலிலும் இதே பாசிக் கதைதான். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளைக் கப்பாபைகஸ் என்ற பாசி மூடிப் படர்வதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். அது இந்தக் கடலில் பிறந்ததல்ல. கடலோரத்தாருக்குப் பிழைப்பாகட்டும் என்று கொண்டுவந்து வளர்த்தது. ஐஸ்கிரீமைக் குழைவாக வைக்கும் கராஜீனனை அதிலிருந்து எடுக்கிறார்கள். பவளத்துக்கு அது மூச்சுமுட்டல்; மண்டபம் பக்கம் அதைக் கயிற்றில் கட்டி வளர்க்கும் பெண்களின் வீட்டில் உலை கொதிப்பதும் அதனால்தான். இதில் யாரிடம் போய்க் கையை எடு என்று சொல்வது?

அப்பா தீனியை நிறுத்தியும் என் தொட்டியில் பாசி குறையவில்லை. பாஸ்பேட் சோதித்தால் பூச்சியம் காட்டுகிறது. அதையும் நம்ப முடியாது. கரைந்ததையெல்லாம் பாசியே உறிஞ்சிக்கொண்டால் தண்ணீர் சுத்தமாகத்தான் தெரியும். குற்றவாளியே சாட்சியைத் தின்றுவிடுகிறது. முன்பு சேர்ந்ததைப் பாறைகள் மாதக்கணக்கில் கசியவிடுமாம். அப்படியென்றால் நான் சொன்னது சரிதான். ஆனால் ஆர்.ஓ. சவ்வை நான் மாற்றியே வெகுநாளாகிறது. அதுதான் காரணமென்றால், அந்தச் சிட்டிகைக்கு என்ன பதில் சொல்வேன்?

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நேற்று இரவு தீனி டப்பாவை அவர் கட்டிலோரம் ஸ்டூலில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் டப்பா தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே தீனி குறைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.