அரை மணி யாருடையது?

உடற்பயிற்சி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பஸ் ஆராய்ச்சி. லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஓட்டுநருக்கு வேலை நேரம் முழுக்க இருக்கைதான். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காகப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்குச் சில நூறு படிகள். ஒரே நிறுவனம், ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனாலும் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தபோதும் சாவு குறைவாக இருந்தது.

மோரிஸை எனக்குப் பிடித்துப்போனது அதற்குப் பிறகு அவர் செய்த வேலையால். தன் முடிவின் மேலேயே சந்தேகப்பட்டு, அந்த ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்று பெரிதாக இருந்தது தெரிந்தது. அப்படியானால் பழி முழுவதையும் இருக்கையின் மேல் போட முடியாது. இதையும் 1956-இல் மறைக்காமல் வெளியிட்டார். அதோடு விட்டுவிடவில்லை, மேலும் பல ஆண்டுகள் அரசு ஊழியர்களை ஆராய்ந்து, ஓய்வு நேரத்தில் மூச்சிரைக்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இதயம் நன்றாக இருக்கிறது என்று காட்டினார். 2009-இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவள் நான். ஏறக்குறைய 45 கிலோமீட்டர். சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே அளவு. என்னோடு வருகிறவர்களில் ஆசிரியர்கள் உண்டு, வங்கிக்காரர்கள் உண்டு, கோர்ட்டுக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் போகிறவர்கள் உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்துபோய், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்கு வருகிற கூட்டம். மோரிஸ் கணக்கில் நாங்கள் எல்லாருமே ஓட்டுநர் கட்சி. டிரைவருக்காவது கையும் காலும் அசைகின்றன.

லண்டன் கண்டக்டரைப் பற்றி ஒன்று கவனிக்க வேண்டும். அவர் எந்த வைராக்கியமும் எடுத்துக்கொண்டு படி ஏறவில்லை. ஜனவரி 1 அன்று சபதம் போடவில்லை, புது ஷூ வாங்கவில்லை. படி ஏறினால்தான் சம்பளம், ஏறினார். அவருடைய உடற்பயிற்சி நேரத்தை முதலாளி கொடுத்தார், தெரியாமலே. நமக்கு அந்த நேரத்தை யார் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. கூடவே இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. வாரத்துக்கு 10,080 நிமிடம் இருக்கிறதே, அதில் ஒன்றரை சதவீதம்கூட உங்களால் ஒதுக்க முடியாதா என்று மேடையில் கேட்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்தாயிரத்து எண்பதும் என் பையில் இருப்பதுபோலப் பேசுவதுதான் தப்பு. அதில் ஒரு பெரிய பங்கு அலுவலகத்துக்கும் பஸ்ஸுக்கும் சேர்ந்தது. மிச்சத்தில் தூக்கம் போக, விடிகாலை அடுப்புக்கும் இரவு பிள்ளைகளின் பாடத்துக்கும் ஏற்கெனவே பட்டா போட்டாகிவிட்டது. அரை மணி நேரம் வேண்டுமென்றால் யாரிடமிருந்தாவது வாங்க வேண்டும்.

விடியற்காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கோ, மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்கோ போய்ப் பாருங்கள். வேகமாக நடக்கிறவர்கள், கையை வீசி நடக்கிறவர்கள், நடப்பதைவிட அதிகமாக அரசியல் பேசுகிறவர்கள், முடித்த கையோடு டீயும் வடையுமாக நடந்த கணக்கைச் சரிக்கட்டுகிறவர்கள். பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் பலர் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள், அல்லது வீட்டில் சமையலுக்கு வேறு கை இருக்கிறவர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வைத்திருக்கிற, எட்டு மணிக்குள் பஸ் பிடிக்க வேண்டிய பெண்ணை அங்கே தேடினால் கிடைக்கமாட்டாள். அந்நேரம் அவள் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பாள். அங்கே நடக்கிற ஆண், அந்த அரை மணி தன் சொந்த உழைப்பில் கிடைத்தது என்று நம்புகிறார். கொடுத்தது யார் என்பது அடுப்படியில் இருப்பவளுக்குத் தெரியும்.

2024-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம் என்கிறது. பெண்களுக்குச் சோம்பல் அதிகம் என்று இதைப் படிக்கிறவர்களும் உண்டு. தெருநாய், வெளிச்சமில்லாத சாலை, கழுத்துச் செயினுக்குப் பயம் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

"வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே" என்பது அடுத்த சமாதானம். கூட்டி மெழுகி, குடம் தூக்கி, துணி பிழிந்து இருந்த வீடுகளில் அது ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம். மிக்சியும் கேஸும் வந்த வீட்டில் வேலை குறையவில்லை, வேலையின் தன்மை மாறிவிட்டது. அடுப்படியில் நாம் நிற்கிறோம். நின்ற இடத்திலேயே நின்று களைத்துப்போகிறோம்; மூச்சு வாங்குவதில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

சர்க்கரை நோயைப் பற்றி இங்கே பயமுறுத்தத் தேவையில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்சம் போனால் வரும் புதுச்சேரியில் 26.3 சதவீதம். எங்கள் பஸ்ஸில் கிண்டலாகச் சொல்வோம், எல்லையில் செக்போஸ்ட் வைத்து இதைத் தடுக்க முடியாது என்று.

நல்ல செய்தியும் இருக்கிறது. முன்பெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஐந்து நிமிடமும் சேரும், மாடிப்படியும் சேரும். தினமும் செய்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் தளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் ஏறக்குறைய 90,000 பேரின் கையில் அளவுமானி கட்டிப் பார்த்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தின் உழைப்பை ஒன்றிரண்டு நாளிலேயே முடித்துவிடுகிறவர்களுக்கும் இதயநோய் அபாயம் ஏறக்குறைய அதே அளவு குறைவாக இருந்தது. பத்தாயிரம் அடி என்ற மந்திர எண்ணும் மருத்துவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயர் அது. அடி எண்ணிக்கை இரவு பதினொரு மணிக்குக் குறைகிறதே என்று ஹாலுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற என் தோழிக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் உதவியது நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் சொன்னது. சர்க்கரை நோயாளிகள் ஒரேயடியாக முப்பது நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை அதிகம் கட்டுப்படுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதில் பலன் கூடுதல். இரவு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாத்திரம் பத்து நிமிடம் ஊறட்டும்.

அதே கணக்கில் பஸ் பயணத்தையும் கொஞ்சம் வெட்டினேன். சிதம்பரத்துக்குள் நுழைகிற வண்டிகேட்டிலேயே இறங்கிவிடுவேன். அங்கிருந்து அலுவலகம் இருபது நிமிட நடை. முதல் நாள் கண்டக்டர் கதவருகே நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட் இருக்குதே?"

"பரவாயில்லண்ணே, நடந்து போயிக்கிறேன்."

"ஆபீஸ்ல லேட்டுன்னு சொன்னா எங்க பஸ்ஸச் சொல்லிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே விசில் ஊதினார்.

சாயங்காலம் வேறு வழி. சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகள் நடப்பதற்கென்றே போட்டதுபோல இருக்கின்றன: கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. நிதானமாக ஒரு சுற்று முடிக்க அரை மணி நேரம் முன்பின் ஆகும். ஆட்டோவும் டூவீலரும் தள்ளுவண்டியும் விட்ட இடத்தில்தான் நடக்க வேண்டும். நடைபாதை என்று நம்பி இறங்கினால் அது கடைக்காரரின் வாசலாக இருக்கும். அதனால் பலர் கோயிலுக்குள் போய்விடுகிறார்கள். மத்தியானம் சாத்திய நடை மாலையில் திறந்ததும் வெளிப் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுகிறவர்களில் எத்தனை பேர் நடராஜருக்காக, எத்தனை பேர் டாக்டருக்காக என்று சொல்ல முடியாது. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபுர வாசலில் 108 கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிற ஊர் இது.

நடராஜர் ஒற்றைக்காலில் நிற்கிற நிலைக்கும் மருத்துவத்தில் ஒரு சேதி கிடைத்திருக்கிறது. 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரைப் பிரேசில் நாட்டில் ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லிச் சோதித்தார்கள். நிற்க முடியாதவர்களிடையே அடுத்த ஏழாண்டுகளில் இறப்பு கணிசமாக அதிகம் என்று 2022-இல் எழுதினார்கள். நிற்காததால் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. கால் வலுவும் நிதானமும் போவது உடம்பு முழுவதையும் பற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைகளின் பந்தயம். கூடவே தோப்புக்கரணம். பிள்ளையாருக்குப் போட்டது போக, தொடைத் தசைக்கு அதைவிடச் செலவில்லாத பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் இதெல்லாம் பாதியாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் கடலூர் எப்படியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய ஊர். தண்ணீர் தேங்கிய சாலையில் குழி எங்கே என்று தெரியாமல் நடந்து காலை முறித்துக்கொள்வது ஆரோக்கியமாகாது. அக்னி நட்சத்திரத்தில் வெயில் ஏறியபின் நடப்பதும் அப்படியே. ஆகவே வருஷம் முழுக்க ஒரே திட்டம் என்று எழுதிக்கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. தையிலிருந்து பங்குனி வரை நன்றாக நடக்கலாம். மற்ற மாதங்களில் மாடிப்படியும் தோப்புக்கரணமும் போதும்.

இத்தனைக்கும் பிறகும், மூச்சிரைக்க நடக்கிற முழு அரை மணி ஒன்று வேண்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து எடுத்தாயிற்று, பாத்திரம் கழுவும் நேரத்திலிருந்து எடுத்தாயிற்று. தூக்கத்திலிருந்து எடுக்கச் சொல்கிறவர்கள் அதிகம். நாலரைக்கு எழுந்திருக்கிறவளை நாலு மணிக்கு எழச் சொல்வது மருத்துவம் அல்ல, தண்டனை. மிச்சமிருந்தது ஓர் இடம்தான்.

"ஏங்க, செவ்வாயும் வியாழனும் காலையில அடுப்படிய நீங்க பாத்துக்கிறீங்களா?"

"அப்ப என் வாக்கிங்?"

"மத்த நாள்ல போங்க."

கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாவு இருக்குல்ல?" என்றார். அதுதான் சம்மதம். அத்தை என்ன சொல்வார்களோ என்று தயங்கினேன். "தனியா இருட்டுல போவாதம்மா, நானும் வர்றேன்" என்று செருப்பைத் தேடினார்கள். மைதானத்தில் அவர்கள் ஒரு சுற்றோடு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கும் வாழ்க்கையில் காலை ஆறு மணி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துத் தொடங்கியது. நல்ல காரியம். பாதை போட அரசாங்கத்தால் முடியும். அதில் நடக்க ஒரு பெண்ணுக்கு அரை மணி நேரத்தை அரசாணை போட்டுக் கொடுக்க முடியாது. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கோ, விடிந்ததும் சித்தாள் வேலைக்குக் கிளம்புகிறவளுக்கோ நான் சொல்கிற யோசனைகளில் பாதி பொருந்தாது என்பதும் தெரியும். அவர்களுக்கு வேண்டியது ஓய்வு.

பொருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் நடக்கப் போகும் அண்ணன்மார்களே, நடையை நிறுத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு காலை மட்டும் வீட்டில் இருந்து, உங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்பி வையுங்கள். இட்லி ஊற்றத் தெரியாதென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கற்றுக்கொள்ளுங்கள்.