வகுப்பில் எத்தனை இராமாயணம்?

சீடன்: ஐயா, எங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டுக்கு ஏ.கே. இராமானுஜனின் 'முந்நூறு இராமாயணங்கள்' கட்டுரையைத் துணைப்பாடமாக வைக்கலாமா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். "கட்டுரை நல்லதுதான், வம்பு எதற்கு?" என்றார். யோசித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. மாணவன் மனம் புண்படும் என்று தெரிந்தே ஒன்றை அவன் முன் வைப்பது ஆசிரியருக்கு அழகா?

குரு: அதில் எது அவனைப் புண்படுத்தும்?

சீடன்: சமணர் சொல்லும் கதையில் இராவணனைக் கொல்வது இராமன் இல்லை, இலக்குவன். கன்னட நாட்டுப்புறக் கதையில் இராவணனே கருவுற்று, அவன் தும்மும்போது சீதை பிறக்கிறாள். சந்தால் மக்களின் கதையில் சீதையைப் பற்றி வருவதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

குரு: கூசட்டும், அதில் தவறில்லை. கம்பருக்கும் கூசியதே. வால்மீகியின் இராவணன் ஒரு கையால் சீதையின் கூந்தலையும் மறுகையால் தொடையையும் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பருக்கு அதை எழுத மனம் ஒப்பவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போனான் என்று பாடிவிட்டார். அகலிகையும் அப்படித்தான். வால்மீகியில் யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள், கம்பரில் கல்லாகிறாள். இராமானுஜன் தம் கட்டுரையில் விரிவாக எடுத்துக்கொள்வதே இந்த அகலிகைக் கதையைத்தான். இராமன் கதையைத் தேவபாடையான வடமொழியில் செய்தவர் மூவர் என்று சொல்லி, அவருள் முந்தியவரான வால்மீகியின் வழியே போவதாகவும் சொல்லிவிட்டு, வேண்டிய இடத்தில் கம்பர் விலகிப் போகிறார். வால்மீகி அவரை உறுத்தியிருந்தால் அதற்கு மருந்தாக அவர் செய்தது இன்னொரு பாட்டு. வால்மீகியை யாரும் படிக்கக் கூடாது என்று எந்த அரசனிடமும் போய் நிற்கவில்லை.

சீடன்: கம்பரைக் கேட்டவர்கள் விரும்பி வந்து உட்கார்ந்தவர்கள். என் முன்னே இருப்பவன் பத்தொன்பது வயதுப் பையன். வருகைப் பதிவேடும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் என் கையில் இருக்கின்றன. பெரியார் மேடையில் இராமாயணத்தைப் பிய்த்து உதறியபோது, பிடிக்காதவன் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இவன் எங்கே போவான்?

குரு: நல்ல கேள்வி. கருத்துரிமை பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள். பெரியாரின் இராமாயண நூலின் இந்தி மொழிபெயர்ப்பை 1969இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தது. 1976இல் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நூல் விஷயத்தில், விரும்பாதவன் வாங்காமல் இருக்கலாம் என்றால் போதும். வகுப்புக்கு அது போதாது. பையன் எழுந்து போக முடியாதவன் என்பதால் ஆசிரியருக்குக் கடமை கூடுகிறது. எந்த மக்கள், எந்தக் காலத்தில், எதற்காகச் சொன்ன கதை என்று சொல்லாமல் அதைத் தூக்கிப் போடக் கூடாது. நம்புகிறவனைப் பார்த்து உதட்டைச் சுழிக்கக் கூடாது. என்ன வரப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கதை எத்தனை விதமாக வழங்குகிறது என்று தேர்வில் கேட்கலாம், எதை நம்புகிறாய் என்று கேட்கக் கூடாது.

சீடன்: இதையெல்லாம் செய்தும் ஒருவர் வேலையை இழந்தாரே, ஐயா! அமெரிக்காவில், மினசோட்டாவில் ஹாம்லைன் பல்கலைக்கழகம். 2022 அக்டோபரில் உலகக் கலை வரலாற்று இணையவழி வகுப்பில் ஓர் ஆசிரியை பதினான்காம் நூற்றாண்டுப் பாரசீக ஓவியம் ஒன்றைக் காட்டினார். நபிகள் முதல் வேத வெளிப்பாட்டைப் பெறும் காட்சி. இப்படிப்பட்ட படங்கள் வரும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருந்தார். காட்டுவதற்கு முன்பும் சொல்லி, பார்க்க விரும்பாதவர்கள் விலகிக்கொள்ள நேரமும் கொடுத்தார். ஆனாலும் ஒரு முஸ்லிம் மாணவி முறையிட்டார். அது இஸ்லாமிய வெறுப்புச் செயல் என்று நிர்வாகம் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது. அடுத்த பருவத்தில் ஆசிரியைக்கு வகுப்பு இல்லை.

குரு: ஓவியத்தை வரைவித்தது யார்?

சீடன்: ரஷீதுத்தீன். தப்ரீஸில் மங்கோலிய இல்கான்களின் அமைச்சராக இருந்தவர். அவருடைய உலக வரலாற்று நூலில் உள்ள படம். ஏடு இப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

குரு: ஒரு முஸ்லிம் அமைச்சர், முஸ்லிம் அரசவைக்காகத் தொகுத்த நூல். நபியை இகழ வரைந்த படமா அது? உருவம் வரைவதே ஆகாது என்று நம்பும் முஸ்லிம்கள் மிகப் பலர், அந்த மாணவியின் வலி மெய்யானது. அப்படி நம்பாத முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஏடே சாட்சி. இரண்டு மரபும் ஒரே மதத்துக்குள் இருக்க, நிர்வாகம் ஒன்றின் பக்கம் சாய்ந்து, மற்றதற்கு மத வெறுப்பு என்று பெயர் வைத்துவிட்டது. எது இஸ்லாம், எது இல்லை என்று தீர்ப்புச் சொல்ல அந்த அலுவலகத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளே இதில் பிளந்து நின்றன. 'கேர்' அமைப்பின் மினசோட்டாக் கிளை மாணவியின் பக்கம் நின்றது. அதே அமைப்பின் தேசியத் தலைமை, ஆசிரியை செய்ததில் வெறுப்பு எதுவும் இல்லை என்றது.

சீடன்: பிறகு நிர்வாகமும் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றது. 2023 ஜனவரியில் பேராசிரியர்கள் கூடி, பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலக வேண்டும் என்று 71க்கு 12 என வாக்களித்தார்கள். ஆனால் ஐயா, இதையும், இராமானுஜனின் கட்டுரையைப் பாடத்தில் வைத்ததற்காகத் தில்லியில் நடந்ததையும் ஒரே தட்டில் வைக்கலாமா? அங்கே சிறுபான்மையாக வாழும் ஒரு பெண். இங்கே பெரும்பான்மை மதத்தின் பெயரால் வந்த கும்பல்.

குரு: கூடாது. 2008இல் தில்லிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைத் தலைவரின் அறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியவர்களைப் புண்பட்ட மனம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கே அவமானம். மினசோட்டா மாணவி புகார்தான் கொடுத்தார், நாற்காலியை உடைக்கவில்லை. வந்தவர்கள் வேறு, வந்த விதம் வேறு. முடிவு மட்டும் ஒன்றுபோல இருக்கிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது. தில்லியில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நான்கு வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டார்கள். மூவர் கட்டுரையில் குற்றமில்லை என்றார்கள். நான்காமவர், இளங்கலை மாணவர்களுக்கு இதை நடத்துவது கடினம் என்றார். 2011 அக்டோபரில் கல்விக் குழு கட்டுரையை நீக்கியது, எதிர்ப்பைப் பதிவு செய்தவர்கள் ஒன்பதே பேர். கடினம் என்பது நீக்குவதற்குக் காரணமா? எளிதாக இருந்தால் பையன் தானே படித்துக்கொள்வான், உனக்குச் சம்பளம் எதற்கு?

சீடன்: இராமானுஜன் அப்போது இல்லை.

குரு: 1993இலேயே போய்விட்டார். மைசூரில் தமிழ் ஐயங்கார் வீட்டில் பிறந்து, குறுந்தொகையை ஆங்கில உலகுக்குக் கொண்டுபோனவர். அவரை இராம நிந்தனை செய்தவராக ஆக்கிவிட்டார்கள். அத்யாத்ம இராமாயணத்தில் சீதை கேட்பதாக அவர் எடுத்துக் காட்டும் இடம் நினைவிருக்கிறதா? காட்டுக்கு வராதே என்கிறான் இராமன். எத்தனையோ இராமாயணங்கள் இருக்கின்றன, சீதை காட்டுக்குப் போகாத இராமாயணம் ஒன்றாவது உண்டா என்று மடக்குகிறாள் அவள். இராமாயணம் பல என்பது சீதைக்கே தெரிந்த செய்தி. அதைச் சொன்ன கட்டுரைதான் நம்பிக்கைக்கு விரோதமாம்!

சீடன்: எல்லாம் சரி, ஐயா. நான் கௌரவ விரிவுரையாளன். என் பணி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டியது.

குரு: அதைத்தான் முதலிலேயே சொல்வாய் என்று நினைத்தேன். ஹாம்லைன் ஆசிரியையும் நிரந்தரப் பணியில் இல்லை. யாரும் அவரை விசாரித்து நீக்க வேண்டியிருக்கவில்லை, அடுத்த பருவத்துக்கு வகுப்பு கொடுக்காமல் விட்டதே போதுமாக இருந்தது. கல்விச் சுதந்திரத்தைப் பற்றி நாம் தத்துவம் பேசுகிறோம், அது பாதி பணி நியமன ஆணையில் இருக்கிறது. நாளைக்கே ஒருவனை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலையில் வைத்துவிட்டால் தனியாக ஒரு தடையுத்தரவு எதற்கு? அதனால் உன்னைத் தனியாக வீரம் காட்டச் சொல்ல மாட்டேன்.

சீடன்: அப்படியானால் கைவிட்டுவிடவா?

குரு: கைவிடாதே. உங்கள் துறையில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் இருவரையாவது சேர்த்துக்கொள். பாடத்திட்டக் குழுவுக்கு எழுத்தில் கொடு. கட்டுரையோடு வால்மீகியின் பகுதியையும் கம்பரின் பகுதியையும் சேர்த்து வை. பையன்கள் மூலத்தைப் பார்க்கட்டும்.

சீடன்: ஒருவன் எழுந்து, இதைக் கேட்க எனக்கு வலிக்கிறது என்றால்?

குரு: சொல்லவிடு. எது வலிக்கிறது, ஏன் என்று கேள். அவன் வீட்டில் கேட்ட இராமாயணம் எது என்று கேள், அதையும் கரும்பலகையில் எழுது. அவன் முடிக்கும் வரை உன் வாதத்தை எடுக்காதே. அதன் பிறகு பாடத்தை நடத்து. புகாரோடு முதல்வர் அறைக்குப் போனானென்றால் உன்னையும் அழைத்துக் கேட்க வேண்டியது அவர் கடமை.

சீடன்: பாடத்திட்டக் குழு மறுத்துவிட்டால்?

குரு: மறுக்கட்டும். காரணத்தை எழுத்தில் தரச் சொல். "வம்பு எதற்கு" என்று வாயால் சொன்னவர் கையெழுத்துப் போடுகிறாரா, பார்ப்போம்.