பற்றும் கொடையும்

பொன்னும் பொருளும் வைத்திருப்பது பாவமா என்னும் வினா அடியார் பலரின் உள்ளத்தில் எழுவதுண்டு.

அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் 18 பெரும் பட்டங்களை வென்றவர். 1967 இல் தமக்குக் கிடைத்த றோலெக்ஸ் தங்க மணிக்கூட்டை ஐம்பது ஆண்டுகளாக அணிந்துவந்தார். 2019 இல் அதனை நியூயோர்க்கில் ஏலத்திற் கொடுத்தார். அது 12 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. ஏல வருமானம் பிள்ளைகளின் வைத்திய நலப்பணிக்கே வழங்கப்பட்டது.

செல்வருக்குக் கொடுப்பது எளிதுதானே என்பர் சிலர். உண்மையே. ஆயினும் மிஞ்சிய பணத்தைக் கொடுப்பது வேறு. அரை நூற்றாண்டு கையோடிருந்த பொருளைக் கழற்றிக் கொடுப்பது வேறு. அணிவது குற்றமன்று, கழற்ற மனம் வராமையே பற்று.

எமது பெட்டகங்களில் உறங்கும் நகைகளையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். கொடுக்கும் மனத்தை எல்லாம்வல்ல இறைவன் எமக்கும் அருள்வாராக.