காவு நீக்கி மீதி

பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம் எழுத வருகிறவர்கள் விலை, வில்லங்கம், பட்டா எல்லாவற்றையும் அலசி முடித்துவிட்டுத்தான் எங்கள் குழித்துறைப் பக்கம் முன்பணம் வாங்குவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். “அண்ணாச்சி, கன்னி மூலையில நாகக்காவு இருக்கு. ஆயில்யத்துக்கு ஒரு விளக்கு வைக்கணும்னு பத்திரத்தில ஒரு வரி சேத்துருங்க.”

நாகக்காவு என்றால் நாகத்தைக் கும்பிட மரம் செடியோடு விட்டுவைத்த இடம். வரியைச் சேர்க்கலாம், செல்லாது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 11: முழு உரிமையையும் கொடுத்துவிட்டு, இதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், வாங்கியவர் அந்த நிபந்தனையே இல்லாததுபோல அனுபவிக்கலாம். விற்றவருக்குப் பக்கத்தில் வேறு நிலம் இருந்தால், அதன் நன்மைக்காகச் சில விலக்கு உண்டு. நாகத்துக்கு விலக்கு இல்லை.

விற்ற வீட்டின்மேல் நமக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்கிற கேள்வி, கொச்சியில் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் நடக்கும்போது வேறு விதமாக உறைத்தது. 1568-இல் கட்டிய பரதேசி ஜூதப் பள்ளி, அதாவது யூதர்களின் தொழுகைக்கூடம், தெருமுனையில் இருக்கிறது. அதில் தொழுதவர்களின் வீடுகள்தான் இன்று பழம்பொருள் கடைகள், காஷ்மீர் சால்வைக் கடைகள், மசாலாக் கடைகள். இஸ்ரேல் உருவான பிறகு, ஒவ்வொரு குடும்பமாகப் போய்விட்டார்கள். துணியில் பூவேலை செய்து விற்ற சாரா கோஹன் அசையவில்லை. 2019-இல், 96 வயதில், அங்கேயே இறந்தார்.

ஜன்னல் கம்பிகளில் தாவீதின் நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் ஏன் கழற்றப்போகிறார், அதைப் படம் எடுக்கத்தானே ஆள் வருகிறது! ஒரு கடையில் நிலைக்காலின் வலது பக்கம், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். அதன்மேல் மூன்று நான்கு தடவை பெயிண்ட் ஏறியிருந்தது. மெசூசா இருந்த இடமாக இருக்க வேண்டும். வேத வசனம் எழுதிய தோல் சுருளை யூதர்கள் வாசற்காலில் பதிப்பார்கள். வீட்டை விட்டுப் போகிறவர், அடுத்து வருபவர் யூதரானால் அதைப் பிடுங்கக் கூடாது, இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறது அவர்களுடைய சட்டத் தொகுப்பான தல்மூது. பத்திர எழுத்தன் கண்ணுக்கு இது அருமையான ஏற்பாடு. வாங்கியவன் தலையில் எந்தக் கடமையும் இல்லை. கடமை உள்ளவன் அதைக் கையோடு கொண்டுபோகிறான்.

தொழும் இடத்தையே விற்பதானால்? யூதர்களின் பழைய சட்ட நூலான மிஷ்னாவில் இதற்கு ஒரு வாதம் உண்டு. எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விற்கலாம் என்கிறார் ரபி மேயர். மற்ற அறிஞர்களோ நிரந்தரமாகவே விற்கலாம், ஆனால் குளியல் கூடம், தோல் பதனிடும் இடம் உள்ளிட்ட நாலு காரியங்களுக்குக் கூடாது என்கிறார்கள். ரபி யூதா வெறும் முற்றம் என்று சொல்லி விற்றுவிடு, வாங்கியவன் இஷ்டம் என்கிறார். நம் சட்டம் வருவதற்குச் சுமார் ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்பே பிரிவு 11-ஐ எழுதிவிட்ட மனிதர்!

அதே மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் பள்ளிக்கு நடந்ததைப் பார்த்தால் மூவருமே கொஞ்சம் தோற்றுத்தான் போகிறார்கள். தொழுதவர்கள் போனபின் அது கிடங்கானது. கிடங்கு அந்த நாலு காரியங்களில் சேராது. உள்ளே இருந்த செதுக்கு மரவேலைகள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் மியூசியத்துக்குப் போயின. முகப்பு 2019 மழையில் இடிந்து விழுந்தது. யாரும் எந்த நிபந்தனையையும் மீறவில்லை. தொழ ஆள் இல்லை, அவ்வளவுதான். சுவரில் இருப்பதாக நாம் நினைக்கிற புனிதம் ஆட்களிடம்தான் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்தில் பட்டயம் கொடுத்து ஆயிரம் வருடம் ஆகிறது. உலகும் சந்திரனும் உள்ளவரை செல்லும் உரிமைகள். செப்பேடு பத்திரம், அனுபவிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே விளக்குக்கு வரி கேட்டு வருகிறவரிடம் நான் சொல்வது: விளக்கு வைப்பது உங்கள் கடன், அதைச் சொத்தோடு சேர்த்து விற்க முடியாது. காவு வேண்டுமென்றால் அந்த ஒரு சென்ட்டை நீக்கி மீதியை எழுதுங்கள், நடந்துபோக மூன்றடி வழியும் வையுங்கள். விலை குறையும், குறையட்டும். வேண்டாமென்றால் நாக வழிபாட்டுக்குப் பெயர்போன பாம்பும்மேக்காட்டு மனையில் கேட்டு, முறைப்படி நாகத்தை மாற்றிவிட்டு, மொத்தமாக எழுதுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் நடக்கிறது. ராவோடு ராவாகக் காவை வெட்டி, மண்ணை நிரவி, வாயைத் திறக்காமல் விற்பது. சாதாரணக் கவனத்தில் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 55. நாகத்தைக் கோர்ட் குறையாக எடுத்துக்கொள்ளுமா என்பது வேறு பேச்சு. வாங்குகிறவருக்கு நம்பிக்கை உண்டென்றால், அந்த மண்ணில் அவர் கட்டில் போடும்முன் தெரிந்தாக வேண்டும். அதனால் விலை பேசும் அன்றே கூட்டிப்போய்க் காட்டச் சொல்கிறேன். சிலர் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அட்வான்ஸ் வாங்கியபின் போவதைவிட அது மேல்.