ஆசிரியர் கையில் ஆயுதமா?

ஆசிரியப் பணியை அறப்பணி என்கிறோம். பள்ளிச் சுவர்களிலும் அவ்வாறே எழுதி வைத்திருக்கிறோம். அந்த அறப்பணியில், தேவை நேர்ந்தால் ஓர் உயிரைப் பறிக்கும் அதிகாரமும் அடங்குமா? அயல்நாட்டாருக்கு மட்டுமே உரிய கேள்வி என்று இதனை இனி நாம் ஒதுக்கிவிட இயலாது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2024 நவம்பர் 20 அன்று தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர், மணமுடிக்க விரும்பி மறுக்கப்பட்ட ஓர் இளைஞனால் பள்ளி வளாகத்திலேயே கொல்லப்பட்டார். இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, ஆசிரியர் கையிலும் ஓர் ஆயுதம் இருந்திருந்தால் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

தற்காப்பு உரிமை ஆசிரியருக்கு இல்லை என்று எவரும் சொல்லார். தன் உயிரைக் காப்பதே ஒருவரின் நோக்கமாய் இருந்து, தேவைக்கு மேற்பட்ட வன்முறையை அவர் கையாளாதிருந்தால், தாக்க வந்தவன் இறக்க நேரிடினும் அது குற்றமாகாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவருக்குத் தற்காப்பு உரிமையாக மட்டுமன்றிக் கடமையாகவும் அமையலாம் என்கிறது. நம் நாட்டுச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழும்போது தாக்குபவனைக் கொல்லும் அளவுக்கும் தற்காப்பு உரிமை விரியும் என்கின்றன. அது தேவைக்கு மிஞ்சலாகாது என்றும் வரம்பிடுகின்றன.

ஆனால், நெருக்கடியில் எழும் உரிமை வேறு. அந்த நெருக்கடியை எதிர்நோக்கித் துப்பாக்கியைக் கொடுத்து வகுப்புக்கு அனுப்புவது வேறு. முன்னதில் காப்பதே நோக்கம். பின்னதில் கொல்வதற்கு ஆயத்தமாயிருப்பது ஆசிரியப் பணியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானின் பெஷாவர் நகரப் பள்ளியில் தீவிரவாதிகள் 140க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். இறந்தவருள் பெரும்பாலோர் மாணவர். அந்தத் துயரின் பிடியில், மறுமாதமே அம்மாநில அரசு ஆசிரியர்கள் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவர இசைந்தது. 2015 ஜூலையில் அதே மாநிலத்தின் சுவாத் பகுதியில் ஆசிரியர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அவருடைய மாணவனே மாண்டான். 2022 மே மாதம் அமெரிக்காவின் யுவால்டி நகரில் 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆயுதமேந்திய காவலர் நூற்றுக்கணக்கில் திரண்டும், 70 நிமிடங்களுக்கு மேலாகக் கொலையாளியை அவர்களால் வீழ்த்த முடியவில்லை. பயிற்சி பெற்றவர்களே தயங்கி நின்ற இடத்தில், கரும்பலகை முன் நிற்பவரிடம் எதை எதிர்பார்க்கிறோம்?

நம் மண்ணில் மற்றொரு வேதனையும் உண்டு. இங்கே ஆயுதம் ஏந்தி நிற்பவன் பல வேளைகளில் மாணவனே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிவெறியால் சக மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் மாணவர்களே. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் தன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டியபோது, தடுக்கச் சென்ற ஆசிரியையும் காயமுற்றார். அவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால்? ஒரு சிறுவன் பிணமாகியிருப்பான். சட்டம் அவரை விடுவித்திருக்கலாம். ஆனால் மறுநாள் அதே வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து அவரால் பெயர்களைப் படிக்க முடியுமா? வெட்டியவனும் வெட்டுண்டவனும் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளே. இருவரையும் காக்கவே அவர் அமர்த்தப்பட்டிருக்கிறார்.

அப்படியானால் ஆசிரியர்கள் வெறுங்கையோடு சாகட்டும் என்பதா? இந்த எதிர்க்கேள்வி நேர்மையானது. ஆயுதம் வேண்டாம் என்று சொல்லும் நாம், அவர்கள் பாதுகாப்பை நம் தோள்களில் சுமக்காவிட்டால், நமது அறம் பிறர் உயிரைப் பணயம் வைக்கும் மலிவான அறமாகிவிடும். இறந்த ஆசிரியைக்கு அஞ்சலி செலுத்துவது எளிது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் பருத்திக் காடுகளையும் சோளக் கொல்லைகளையும் அடுத்து நிற்கும் பள்ளிகளை எண்ணிப் பார்ப்போம். அவற்றில் எத்தனைக்குச் சுற்றுச்சுவரும் வாயிற்காவலரும் உண்டு? வருபவர் யார் என்று கேட்டு உள்ளே விட ஆள் உண்டா? தன்னை ஒருவன் பின்தொடர்ந்து மிரட்டுகிறான் என்று தற்காலிகப் பணியிலிருக்கும் ஓர் ஆசிரியை சொன்னால், தலைமையாசிரியரும் ஊராரும் செவிகொடுக்கிறோமா, அல்லது அவர் நடத்தையை ஆராய்கிறோமா? மகன் புத்தகப் பையில் என்ன கொண்டுபோகிறான், யார்மீது பகை வளர்க்கிறான் என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? நாங்குநேரிக்குப் பின் நீதியரசர் சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையை எத்தனை பேர் புரட்டிப் பார்த்தோம்?

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பாடினார். அங்கே வீற்றிருப்பவள் அடைக்கல அன்னை. காவல் என்ற சொல்லும் அடைக்கலம் என்ற சொல்லும் அவ்வூரில் இணைந்தே நிற்கின்றன. பள்ளியும் அவ்வாறு இருத்தல் வேண்டும். ஆசிரியர் மாணவருக்கு அடைக்கலமாய் இருக்கட்டும். ஆசிரியருக்குக் காவலாய் நிற்பது ஊராகிய நம் கடமை. அக்கடமையில் நாம் தவறினால், ஒருநாள் அவர் ஆயுதம் கேட்கும்போது மறுத்துரைக்க நமக்குத் தகுதி இராது.