களவறிவும் காவலறமும்

களவின் வழிகளைக் கற்பித்தல் அறமாகுமா? பல்கலைக்கழகங்களில் இணையப் பாதுகாப்புக் கல்வி வளருந்தோறும் இவ்வினாவும் வலுப்பெறுகின்றது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இத்துறை ஆய்வுகள் நடைபெறுகின்றன. மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கணினிப் பாதுகாப்பைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கின்றது. காக்கப் பயில்வோன், பூட்டு எவ்வாறு உடையும் என்பதையும் பயின்றே ஆக வேண்டும். எனவே கள்வனும் காவலனும் ஒரே பாடத்தைப் படிக்கின்றனர். இருவரையும் வேறுபடுத்துவது யாது?

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இதற்கு விடை தேட உதவும். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கள்வனாக இரான் என ஐயுறுகின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டினையும் விரித்துரைத்து அவ்வையத்தை அடக்குகின்றான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்! களவு நூல் அவனுக்கு நன்கு தெரியும். அந்த அறிவே ஒரு குற்றமற்றவனைக் கொன்றது. அங்கே அறத்தின் பக்கம் நின்றது காவலரின் ஐயம் ஒன்றே. அதுவும் அதிகாரமும் புலமையும் கலந்த குரலின்முன் அடங்கிப் போயிற்று.

அறிவு மிகுந்தோர்க்கும் இடறல் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், லினக்ஸ் நிரலைப் பேணுவோர் பிழையைக் கண்டறிவரா எனச் சோதிக்க, பிழையுள்ள திருத்தங்களை அவர்கள் அறியாமல் அனுப்பினர். 2021-இல் அது பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆய்வாளரும் மன்னிப்புக் கோரினர். நோக்கம் நன்றாயினும், பிறரை அவர்தம் இசைவின்றிச் சோதனைப் பொருளாக்கலாகாது என்பதே அதன் படிப்பினை. மலேசியாவின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் உரிமையின்றிக் கணினிக்குள் நுழைவதையே குற்றம் என்கிறது.

ஆயினும் சட்டத்தை மீறாமை மட்டும் காவலறம் ஆகிவிடாது. யாரைக் காக்க இக்கல்வி என்ற வினா எஞ்சி நிற்கிறது. கேமரன் மலையை எண்ணிப் பார்ப்போம். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய அம்மலையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்து வாழ்ந்தன. துரையின் சொல்லுக்கும் கங்காணியின் அதட்டலுக்கும் மறுபேச்சின்றிப் பணிவதே தோட்டப்புற வாழ்வு கற்பித்த முதற்பாடம். இன்றைய தொலைபேசி மோசடிக்காரன் பூட்டை உடைப்பதில்லை. “காவல் நிலையத்திலிருந்து பேசுகிறேன்”, “வங்கியிலிருந்து பேசுகிறேன்” என்று அதே அதிகாரக் குரலில் பேசுகின்றான். பழைய பணிவு அவனுக்குக் கதவைத் திறந்து விடுகிறது. ஆயுட்காலச் சேமிப்பு ஒரே நாளில் மறைகிறது.

அத்தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் சென்று இத்துறை பயிலுமாயின், அதன் முதற்கடன் யாது? உயர்ந்த நிறுவனங்களின் கணினிகளைக் காப்பது ஊதியத்திற்கான தொழில், அது குற்றமன்று. ஆனால் தன் பாட்டியிடம், “அதிகாரி பேசினாலும் ‘நீ யார்?’ என்று கேட்கலாம் பாட்டி, கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது” என்று தமிழில் எடுத்துரைப்பது அறம். ஏமாந்தவுடன் 997 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதையும் சொல்லி வைத்தல் வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. கொலைக்களக் காதையைப் பாடமாக நடத்துகையில், காவலரின் ஐயம் ஏன் அடங்கிற்று என்று மாணவரைக் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் அதிகாரக் குரலைக் கண்டு மருள மாட்டான். களவின் வழியைக் கற்றவர் பிறர்க்குத் துணிந்து ஐயுறக் கற்பிப்பாராயின், அக்கல்வி காவலாகும். ஐயத்தை அடக்கவே அதனைப் பயன்படுத்துவாராயின், அவர் எத்துணைப் பட்டம் பெற்றவராயினும் பொற்கொல்லனே ஆவார்.